பெயரில் உறையும் நிலம்: ஆங்கில ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும்



கால்டுவெல்லின் பெயரைச் சொல்லாமல் திராவிட மொழியியலைப் பற்றி யாரும் பேச முடியாது. 1841 முதல் இடையன்குடியின் தேரி மண்ணில் வாழ்ந்த அந்த அறிஞரின் பெயருக்கே ஒரு பொருள் உண்டு. 'கால்டு' என்பது குளிர்ச்சியைக் குறிக்கும் பழைய வடிவம். 'வெல்' என்பது ஊற்று. குளிர்ந்த ஊற்று. இந்தப் பெயருள்ள இடங்கள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ளன. அப்படி ஓர் ஊற்றங்கரையில் வாழ்ந்த யாரோ ஒருவர் ஊரைவிட்டுப் போனார். போன இடத்தில் அவரை ஊற்றங்கரைக்காரர் என்றார்கள். அந்த அழைப்பு தலைமுறை தலைமுறையாக இறங்கி, கடல் கடந்து, திருநெல்வேலிச் சீமை வரை வந்து சேர்ந்தது.

ஆங்கிலப் பெயர்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முதன்மையாக ஒன்றுதான். இந்தப் பெயர்களில் மிகப் பலவற்றை வைத்தவர்கள் மன்னர்களோ பாதிரியார்களோ அல்லர். ஆடு மாடு மேய்த்தவர்களும், காடு வெட்டிக் கழனியாக்கியவர்களும், பாலாடைக்கட்டி செய்தவர்களும் வைத்தார்கள். கண்முன் இருந்ததை அன்றாடப் பேச்சில் சொன்னார்கள். சொன்னது பெயராக நின்றுவிட்டது. எழுத்தறியாத அந்த மக்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு வரிகூட இல்லை. பல இடங்களில் அவர்கள் விட்டுச்சென்ற ஒரே சாட்சியம் இந்தப் பெயர்கள். அந்தச் சாட்சியத்தைச் சரியாகக் கேட்க வேண்டுமானால் பெயரின் இன்றைய ஒலியை நம்பக் கூடாது. பழைய எழுத்தைத் தேட வேண்டும். அதோடு நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்றைய ஒலி எப்படி ஏமாற்றும் என்பதற்கு லண்டனின் நடுவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சேரிங் கிராஸ் என்ற இடத்தில், 1290-இல் இறந்த எலினார் அரசியின் நினைவாக, அவருடைய கணவர் முதலாம் எட்வர்டு ஒரு சிலுவைக் கம்பம் நாட்டினார். 'அன்பு அரசி' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரே 'சேரிங்' என்று மருவியது என ஒரு கதை உண்டு. அழகான கதைதான். ஆனால் எலினார் பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தச் சிற்றூரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. திருப்பம், வளைவு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அது. தேம்ஸ் ஆறு அங்கே வளைகிறது, சாலையும் திரும்புகிறது. லிவர்பூலின் கதையும் இதைப் போன்றது. அந்த நகரம் 'லிவர்' என்ற பறவையைத் தன் சின்னமாக வைத்திருக்கிறது. துறைமுகத்தோரக் கட்டடம் ஒன்றின் கோபுரங்கள் மேல் அந்தப் பறவைகள் சிறகு விரித்து நிற்கின்றன. பெயரின் பொருளோ சேறு கலங்கிய நீர்த்தேக்கம். பறவை பின்னால் வந்தது.

இத்தகைய கதைகளிலிருந்து பெயராய்வை மீட்டவர்கள் சிலரை நன்றியோடு நினைக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் பழைய ஆங்கிலம் கற்பித்த ஸ்கீட், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாவட்டம் மாவட்டமாக ஊர்ப்பெயர்களின் பழைய வடிவங்களைத் திரட்டினார். 1923-இல் ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகம் தோன்றியது. ஆலன் மாவர், வரலாற்றறிஞர் ஸ்டென்டன் ஆகிய இருவரும் அதன் தூண்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனித் தொகுதி என்று அவர்கள் தொடங்கிய பணி நூறாண்டு கடந்தும் நடந்துகொண்டிருக்கிறது. 1936-இல் வெளிவந்து, பல பத்தாண்டுகள் எல்லார் மேசையிலும் இருந்த ஆக்ஸ்ஃபோர்டு ஊர்ப்பெயர் அகராதியைத் தொகுத்தவர் ஆங்கிலேயர் அல்லர். லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த எய்லர்ட் எக்வால் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர். வேற்று மொழிக்காரர் ஒருவர் ஒரு நாட்டின் ஊர்களை அந்த நாட்டாருக்கே விளக்கிச் சொன்னார். கால்டுவெல்லைக் கொண்டாடும் நமக்கு இதில் வியப்பில்லை.

அவர்களுடைய முறை எளியது, உழைப்பு பெரியது. நிலக்கொடைப் பத்திரம், வரி ஏடு, நீதிமன்றப் பதிவு, மடத்துக் கணக்கு என எல்லாவற்றிலும் ஓர் ஊரின் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று ஆண்டு வாரியாகத் திரட்ட வேண்டும். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, 1086-இல் முதலாம் வில்லியம் எடுப்பித்த நிலக்கணக்கு ஏடான டூம்ஸ்டே இதில் பெரும் புதையல். அதற்கு முந்தைய வடிவம் கிடைத்தால் இன்னும் நல்லது. மிகப் பழைய வடிவத்திலிருந்து தொடங்கி, ஒலி மாறிய விதிகளின் வழியே கீழிறங்கி இன்றைய பெயருக்கு வர வேண்டும். இன்றைய பெயரிலிருந்து பின்னோக்கி ஊகிக்கக் கூடாது.

நாட்டிங்ஹாம் என்ற நகரை எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கில ஆண்டுக்குறிப்பில் 868-ஆம் ஆண்டுச் செய்தியில் இந்த ஊர் வருகிறது. பெயரின் முன்னால் ஒரு ஸகர ஒலி இருக்கிறது. ஸ்னாட் என்ற தலைவனின் மக்கள் வாழ்ந்த குடியிருப்பு என்பது பொருள். தொடக்கத்தில் 'ஸ்ன' என்று மெய்யொலிகள் இணைந்து வருவது நார்மானியரின் நாவுக்கு ஒத்துவரவில்லை, ஸகரம் கழன்றது. ஆனால் அதே மக்களின் பெயரால் அருகிலேயே இன்னோர் ஊர் இருக்கிறது. ஸ்னீன்டன் என்று பெயர். இன்று நாட்டிங்ஹாமுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அங்கே ஸகரம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து பிறந்து அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெயர்கள், ஒரு நாட்டை வேற்றவர் வென்ற வரலாற்றை ஓர் எழுத்தில் காட்டுகின்றன.

கேம்பிரிட்ஜிலும் இதைப் போன்ற ஒரு மாற்றம் நடந்தது. ஆற்றின் பெயர் கிராண்டா. ஊர் அப்போது கிராண்டாவின் பாலம். நூற்றாண்டுகளில் ஊர்ப்பெயர் தேய்ந்து உருமாறி கேம்பிரிட்ஜ் ஆயிற்று. பிறகு மக்கள், இது 'கேம்' ஆற்றின் பாலமாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி, ஆற்றுக்கே கேம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! ஆற்றிலிருந்து ஊருக்குப் போன பெயர் ஊரிலிருந்து ஆற்றுக்குத் திரும்பியது. பழைய ஏடுகள் இல்லாவிட்டால் இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இங்கிலாந்து மண்ணில் மொழிகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. ஆங்கிலம் வருவதற்கு முன் அங்கே வெல்ஷ் மொழியின் மூதாதையான பிரித்தானிய மொழி வழங்கியது. ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலம் பேசியவர்கள் வந்து குடியேறினார்கள். ஊர்களுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். பெரிய ஆறுகளின் பெயரை மட்டும் அநேகமாக மாற்றவில்லை. தேம்ஸின் பெயர் ஜூலியஸ் சீசரின் நூலிலேயே இருக்கிறது. ஏவன் என்ற பெயரில் இங்கிலாந்தில் பல ஆறுகள் ஓடுகின்றன. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு அவற்றில் ஒன்றின் கரையில் இருக்கிறது. வெல்ஷ் மொழியில் இன்றும் ஆற்றுக்குரிய சொல் அதுதான். வந்தவர்கள் இதன் பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள். இருந்தவர்கள் ஆறு என்று சொல்லியிருப்பார்கள். வடக்கே லங்காஷயரில் பெண்டில் ஹில் என்ற மலை இருக்கிறது. 'பென்' என்பது பழைய மொழியில் மலை. அது பெயரென்று எண்ணி ஆங்கிலத்தில் மலை என்ற சொல்லை ஒட்டினார்கள். இரண்டும் சேர்ந்து 'பெண்டில்' என்று இறுகிய பிறகு, இன்னொரு தலைமுறை மறுபடியும் மலை என்று சேர்த்தது. மலை மலை மலை. முந்தைய மொழியின் பொருள் அறியாமல் அடுத்தவர் வாழத் தொடங்கிய கணம் அந்தப் பெயரில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது.

அந்த முந்தைய மக்களை வந்தவர்கள் எப்படி அழைத்தார்கள்? அவர்களைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லுக்கு அயலார் என்று பொருள். பின்னால் அதே சொல் அடிமையையும் குறித்தது. வேல்ஸ் என்ற நாட்டின் பெயர் அதிலிருந்து வந்தது. கார்ன்வாலின் பின்பாதி அது. வால்டன் என்ற ஊர்களில் சில, அயலாரின் ஊர் என்ற பொருளுடையவை. சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கு வந்தவர்கள் அயலார் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர்தான் இன்று உலக வரைபடத்தில் இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ரோமானியர் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆண்டும் ஊர்ப்பெயர்களில் அவர்களின் லத்தீன் அதிகம் ஒட்டவில்லை. கோட்டைப் பாசறைக்குரிய லத்தீன் சொல் மட்டும் ஆங்கிலத்துக்குள் நுழைந்து செஸ்டர் என்றும், லங்காஸ்டரிலும் டான்காஸ்டரிலும் காஸ்டர் என்றும், லெஸ்டரிலும் குளாஸ்டரிலும் உச்சரிப்பில் பாதி மறைந்தும் நிற்கிறது.

இனி ஆங்கிலேயர் வைத்த பெயர்களுக்கு வருகிறேன். இங்கே சற்று நிற்க வேண்டும். பொருள் இங்கேதான் செறிந்திருக்கிறது.

நெடுங்காலம் அறிஞர்கள், ஊர்ப்பெயரில் வரும் மலை, பள்ளத்தாக்கு, ஓடை முதலிய சொற்களைப் பொதுவாகவே மொழிபெயர்த்துவந்தார்கள். மார்கரெட் ஜெல்லிங் என்ற அம்மையார் அதை ஏற்கவில்லை. குன்றுக்கு இத்தனை சொற்கள் ஏன் என்று கேட்டார். நிலப்படங்களோடு வயல்வெளிகளுக்குப் போனார். ஒரே சொல்லைத் தாங்கிய ஊர்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். 1984-இல் தம் முடிவுகளை நூலாக்கினார். பின்னர் ஆன் கோல் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, குன்றுகளின் கோட்டோவியங்களுடன் 2000-இல் விரிந்த நூலொன்றைத் தந்தார். அவர் கண்டது இது: அந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. 'டூன்' என்றால் உச்சி பரந்து, ஊர் அமைக்க இடந்தரும் தாழ்ந்த குன்று. பன்றிகள் மேய்ந்த ஸ்விண்டன், வேட்டைக்காரனின் ஹன்டிங்டன் ஆகியவற்றில் இருப்பது அந்த 'டூன்'. 'ஹோ' என்றால் குதிகால். குப்புறப் படுத்தவரின் பாதம்போல ஒரு பக்கம் செங்குத்தாக எழுந்து மறுபக்கம் சரிந்து இறங்கும் முகடு. ஐவிங்ஹோ என்ற ஊர் அப்படி ஒரு முகட்டின் அருகில் இருக்கிறது. பள்ளத்தாக்கிலும் இதே நுட்பம். நீண்டு வளைந்து போவது 'டெனு'. கிண்ணம்போலக் குட்டையாக, மூன்று பக்கம் அடைத்திருப்பது 'கூம்'. இந்த வேறுபாட்டை நாடு முழுவதும் ஒரே மாதிரி பேணியிருக்கிறார்கள். ஒரு வழிப்போக்கன் ஊரின் பெயரைக் கேட்ட அளவிலேயே எந்த வடிவ முகட்டைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். நிலப்படம் இல்லாத காலத்தில் பெயரே நிலப்படமாக இருந்தது என்பதை இவ்வளவு உறுதியாக நிறுவிய ஆய்வை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஜெல்லிங்கின் பெயர் நம் மொழித்துறைகளில் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும்.

நீரைப் பற்றி அந்த உழவர்கள் அறிந்திருந்தது இன்னும் ஆழமானது. சாமர்செட் மாவட்டத்தின் தாழ்நிலத்தில் மக்கல்னி என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெரிய தீவு என்று பொருள். அக்கம்பக்கம் கடல் இல்லை. சுற்றிலும் மேய்ச்சல் நிலம். வடிகால் வெட்டி அந்தச் சதுப்பைப் பல நூற்றாண்டுகளாக உலர்த்தியிருக்கிறார்கள். 2013-14 குளிர்காலத்தில் பெருமழை பெய்தது. சாலைகள் மூழ்கின; வாரக்கணக்கில் ஊர் துண்டிக்கப்பட்டது; மக்கள் படகில் போய்வந்தார்கள். தேவாலயமும் வீடுகளும் இருந்த மேட்டைத் தொடாமல் பெரும்பாலும் வெள்ளம் சுற்றி நின்றது. பெயர் சொன்ன தீவு அப்படியே வெளியே வந்தது. அதே தாழ்நிலத்தில்தான் அத்தல்னி இருக்கிறது. இளவரசர்களின் தீவு என்பது அதன் பொருள். 878-இல், படையெடுத்து வந்த டேனியரிடமிருந்து தப்பிய ஆல்ஃபிரட் மன்னர் சதுப்பு சூழ்ந்த அந்த மேட்டில்தான் ஒளிந்திருந்து படை திரட்டினார். சாமர்செட் என்ற மாவட்டப் பெயருக்குள்ளேயே கோடைக் குடியிருப்பு என்ற பொருள் இருக்கிறது. குளிர்காலத்தில் நீர், கோடையில் புல். செவர்ன் ஆற்றங்கரையில் பில்டுவாஸ் என்றோர் ஊர் உண்டு. அதன் இறுதியில் வரும் 'வாஸ்', சட்டென்று வெள்ளம் ஏறிச் சட்டென்று வடியும் ஆற்றோர நிலத்தைக் குறிப்பது என்று ஜெல்லிங் காட்டினார். ஏறும் நீருக்கும் தேங்கும் நீருக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தவர்கள் அவர்கள். வீடு கட்ட இடம் பார்க்கும் பொறியாளர் முதலில் கேட்க வேண்டிய சாட்சி ஊரின் பெயர்.

மறைந்துபோன உயிர்களும் பெயர்களில் இருக்கின்றன. ஊல்லி என்று வழங்கும் ஊர்களிற் பல, ஓநாய்கள் திரிந்த காட்டுவெளி என்ற பொருளுடையவை. இங்கிலாந்தில் ஓநாய் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. பெவர்லி என்ற நகரின் பெயரில் நீர்நாயைவிடப் பெரிய, மரம் அரித்து அணை கட்டும் பீவர் இருக்கிறது. கிரான்புரூக், கிரான்ஃபோர்டு ஆகிய பெயர்களில் கொக்கினத்துப் பெரும்பறவை நடக்கிறது. விலங்கியலாளர்கள் இந்தப் பெயர்களைத் திரட்டி, எந்த உயிர் எங்கே வாழ்ந்தது என்று வரைபடம் போடுகிறார்கள்.

'விக்' என்ற சொல் பால்பண்ணை போன்ற தனித்தொழில் நடந்த தொழுவங்களைக் குறித்தது. சிசிக் என்பது பாலாடைக்கட்டி செய்த பண்ணை. பட்டர்விக்கில் வெண்ணெய். விமானத்தில் லண்டன் போகிறவர்கள் இறங்கும் காட்விக், 1241-ஆம் ஆண்டு ஏட்டில் வரும் ஆட்டுத் தொழுவம். மற்றொரு நிலையமான ஹீத்ரோ, புதர்க்காட்டோரம் வரிசையாக வீடுகள் இருந்த சிற்றூர். 1944-இல் விமான நிலையத்துக்காக அந்த வரிசையை இடித்தார்கள். வீடுகள் போயின, வீட்டு வரிசை என்ற சொல் ஒவ்வொரு பயணச்சீட்டிலும் அச்சாகிறது.

டேனியரும் நார்வேயினரும் வந்து குடியேறிய கிழக்கிலும் வடக்கிலும் 'பி' என்று முடியும் ஊர்கள் நிறைந்திருக்கின்றன: கிரிம்ஸ்பி, விட்பி, ரக்பி. அவர்கள் மொழியில் அது ஊர். நார்த்வர்தி என்ற ஆங்கிலப் பெயரோடு இருந்த ஊரை டெர்பி என்று மாற்றியவர்கள் அவர்களே. நார்மானியர் ஊர்களுக்கு வைத்த புதுப்பெயர்கள் குறைவு. நிலம் பெற்ற குடும்பங்களின் பெயரைப் பழைய ஊரின் பின்னால் ஒட்டியதே அதிகம். ஆஷ்பி-டி-லா-சூச் என்ற ஒரே பெயரில் ஆங்கில மண்ணின் மரமும், டேனியரின் ஊரும், பிரெஞ்சுப் பிரபு குடும்பமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இனிக் குடும்பப்பெயர்கள்.

1066-க்கு முன் இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப்பெயர் கிடையாது, தேவையும் இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை இணைத்துப் புதுப்புதுப் பெயர்களை ஆக்கிக்கொள்ள முடிந்தது. ஓர் ஊரில் ஒரே பெயருள்ளவர் இருவர் அமைவது அரிது. நார்மானியர் வந்த பின் அந்தப் பழைய பெயர்கள் மிக விரைவில் வழக்கொழிந்தன. ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்ற சில பெயர்களுக்குள் ஆண்கள் கூட்டம் முழுதும் அடங்கியது. ஊருக்குப் பத்து ஜான் இருந்தால் வரி தண்டுபவர் என்ன செய்வார்? எழுத்தர் இன்ன ஜான் என்று குறிக்கத் தொடங்கினார். நிலத்தை மகனுக்கு விட நினைத்த தந்தைக்கும் அந்தக் குறிப்பு பயன்பட்டது. முதலில் பிரபுக்கள், பிறகு தெற்கத்தி நகரத்தார், கடைசியாக வடக்கத்தி உழவர் என்று பரவி, 1400-ஐ ஒட்டிப் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்கு நிலையான பெயர் வந்துவிட்டது.

1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று வரி விதித்தார்கள். அந்த வரிப் பட்டியல்கள்தான் இன்று குடும்பப்பெயர் ஆய்வுக்கு முதன்மைச் சான்று. கொடுமையான அந்த வரியை எதிர்த்து 1381-இல் உழவர்கள் லண்டன்மேல் படையெடுத்தார்கள். முன்னின்று நடத்தியவர் வாட் டைலர். வாட் என்பது வால்டரின் சுருக்கம். டைலர் என்றால் கூரைக்கு ஓடு வேய்பவர். மன்னரின் முன் நின்று பேசிய அந்த மனிதரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. அவர் செய்த வேலை பெயரில் இருக்கிறது.

ஆய்வாளர்கள் குடும்பப்பெயர்களை நான்கு வகையாக்குவார்கள்: இடத்தால், முன்னோரின் பெயரால், தொழிலால், பட்டப்பெயரால் வருவன. தமிழுக்கு உழைத்த நால்வரைக் கொண்டே இந்த நான்கையும் சொல்லிவிடலாம். கால்டுவெல் இடத்தால் வந்த பெயர். 1816-இலேயே தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று எழுதிய எல்லிஸின் பெயர் எலியாஸ் என்ற முன்னோர் பெயரின் பேச்சு வடிவம். சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகளுக்கு விரிவான அட்டவணை தொகுத்த வில்லியம் டெய்லரின் பெயர் தையற்காரரைக் குறிக்கும். திருவாசகத்தை மொழிபெயர்த்த ஜி.யு. போப்பின் பெயர் பட்டப்பெயர். திருவிழா நாடகத்தில் போப்பாண்டவராக வேடமிட்டவருக்கோ, அவரைப்போல மிடுக்கோடு நடந்தவருக்கோ ஊர் மக்கள் சூட்டியது. முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனையும் இங்கே சேர்க்க வேண்டும். அந்தப் பெயரில் இருப்பது பஞ்சு அல்ல. குடிசைகள் இருக்குமிடம் என்று பொருள்படும் பழைய ஊர்ப்பெயர்.

தொழிற்பெயர்களில் என்னை மிகவும் ஈர்ப்பவை மூன்று: ஃபுல்லர், டக்கர், வாக்கர். மூன்றும் ஒரே வேலை. நெய்த கம்பளித் துணி இழை தளர்ந்து, கொழுப்பேறி இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, களிமண்ணும் புளித்த சிறுநீரும் கலந்த நீரில் மணிக்கணக்காக மிதித்தால் அழுக்கு நீங்கி, இழை நெருங்கித் துணி கெட்டிப்படும். இடைக்கால இங்கிலாந்தின் செல்வம் கம்பளியில் இருந்தது. அந்தச் செல்வம் இந்தக் கால்களில் நின்றது. தெற்கிலும் கிழக்கிலும் இந்தத் தொழிலாளியை ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர், வடக்கிலும் மேற்கு நடுநாட்டிலும் வாக்கர். வரிப் பட்டியல்களில் இந்த மூன்று பெயர்களும் எங்கெங்கே வருகின்றன என்று குறித்தால், 14-ஆம் நூற்றாண்டின் வட்டார வழக்கு எல்லைகள் தெளிவாகத் தெரிகின்றன. வாக்கர் என்றதும் நடப்பவர் என்று கொள்வது இன்றைய ஒலி தரும் பொருள். மிதிப்பவர் என்பதே வரலாறு தரும் பொருள்.

இடத்தால் வந்த பெயர்களில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. லண்டன் என்ற குடும்பப்பெயர் லண்டனில் பிறக்க வழியில்லை. அங்கே எல்லாரும் லண்டன்காரர்தானே. ஊரைவிட்டு வெளியேறியவருக்குத்தான் ஊரின் பெயர் ஒட்டும். ஆகவே ஊர்ப்பெயரைத் தாங்கிய குடும்பப்பெயர் ஒவ்வொன்றும் ஓர் இடப்பெயர்வின் ஆவணம். அசையாமல் ஊரிலேயே இருந்தவர்களுக்குச் சின்னச் சின்ன அடையாளங்கள் போதுமாயின: ஹில், உட், கிரீன், பிரிட்ஜஸ். ஆஷ் மரத்தடியில் குடியிருந்தவர் நாஷ் ஆனார். 'அருகில்' என்று பொருள்படும் முன்சொல்லின் இறுதியிலிருந்த னகரம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்னோர் பெயரால் வந்தவற்றில் மக்களின் நாவு துள்ளி விளையாடியிருக்கிறது. ரிச்சர்ட் ரிக் ஆனான். எதுகை சேர்த்து ஹிக், டிக் என்றார்கள். ஹிக்ஸ், டிக்சன், டிக்கன்ஸ் வந்தன. ராபர்ட்டிலிருந்து ஹாப்ஸ், டாப்சன், ராபின்சன், ஹாப்கின்ஸ். ரோஜரிலிருந்து ஹாட்ஜஸ், ஹாட்ஜ்கின்சன். வேல்ஸில் மகன் என்பதற்கான 'ஆப்' தந்தை பெயரோடு ஒட்டிப் பாவெல், பிரைஸ், பேரி, போவன் ஆயிற்று. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பெயர் அகராதி 45,000-க்கு மேற்பட்ட பெயர்களை விளக்குகிறது. விரும்புவோர் இவற்றை அங்கே காணலாம்.

ஏட்டுச் சான்றுகளோடு இப்போது மரபணுச் சான்றும் சேர்ந்திருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமும் ஆங்கிலக் குடும்பப்பெயரும் ஒரே பாதையில் செல்பவை. 2000-இல் பிரையன் சைக்ஸ் என்ற மரபணு அறிஞர் தம் பெயரையே தாங்கிய, உறவு தெரியாத ஆண்களைச் சோதித்தார். சைக்ஸ் என்பது யார்க்ஷயரில் எல்லையோரச் சிற்றோடையைக் குறிக்கும் சொல். அத்தகைய ஓடைகள் எத்தனையோ இருப்பதால் பெயரும் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும் என்று கருதப்பட்டது. சோதித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே வகை குரோமோசோமைக் கொண்டிருந்தார்கள். ஒரே மூதாதையைச் சுட்டும் முடிவு அது. பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் பல பெயர்களை ஆராய்ந்து, அரிய பெயர்களில் இந்த ஒற்றுமை மிகுதி என்றும், ஸ்மித் போன்ற பெரும்பெயர்களில் அது இல்லை என்றும் காட்டினார்கள். ஊர்தோறும் உலைக்களம் இருந்தது. ஊர்தோறும் ஒரு கொல்லர் இருந்தார். அத்தனை பேருக்கும் ஸ்மித் என்று பெயர்.

இந்தத் தந்தைவழிப் பாதையில் அடங்காத பெயர்களைச் சொல்லி முடிக்கிறேன். டில்லட்சன் என்றால் டில்லட்டின் மகன். டில்லட் என்பது மட்டில்டா என்ற பெண்பெயரைச் செல்லமாகச் சுருக்கியது. இபட்சனில் இருப்பவர் இசபெல். மேரியட்டில் மேரி. மெக்சனில் மார்கரெட். எம்மட்டில் எம்மா. தாயின் பெயரால் பிள்ளை அறியப்பட்டால் அவன் மணவுறவுக்கு வெளியே பிறந்தவன் என்றுதான் பழைய ஆய்வாளர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். ஊர் நீதிமன்றப் பதிவுகளைப் பொறுமையாகப் படித்த பிற்கால ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கணவன் இறந்தபின் நிலத்தைத் தன் பெயரில் வைத்து உழுது வரி கட்டிய கைம்பெண்கள் அந்தப் பதிவுகளில் இருக்கிறார்கள். பிறந்த வீட்டுச் சொத்துக்குத் தானே உரியவளாக இருந்த மகள்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஊரார் யாருடைய மகன் என்று கேட்டபோது, வீட்டையும் நிலத்தையும் நடத்தியவரின் பெயரையே சொன்னார்கள். எழுத்தரும் அதையே எழுதினார். அந்தப் பெண்களின் வயலோ கல்லறையோ இன்று இன்னதென்று காட்ட இயலாது. டில்லட்சன்களும் இபட்சன்களும் யார்க்ஷயரில் இன்றும் வாழ்கிறார்கள்.